பழைய லென்ஸும் புதிய காமிராவும்: ஒளியைச் சரியாக அளக்கும் முறை

காமிராவின் உறுப்புகளுள் நெடுங்காலம் உழைப்பது லென்ஸே ஆகும். மின்னணு உறுப்புகள் சில ஆண்டுகளிலேயே பழமையடைந்துவிடுகின்றன. ஆனால் ஈரமும் பூஞ்சணமும் அணுகாமல் காக்கப்பட்ட லென்ஸ் ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் தெளிவான பிம்பத்தையே தருகின்றது. கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும், பழைய ஸ்டூடியோக்களிலும், இல்லங்களின் அலமாரிகளிலும் இத்தகைய லென்ஸ்கள் இன்றும் உள்ளன. உரிய இணைப்பு வளையம் ஒன்றைப் பொருத்தினால், இவற்றுட் பெரும்பாலானவற்றை இக்காலத்து டிஜிட்டல் காமிராவில் மாட்டிப் பயன்படுத்தலாம்.

ஆயினும், அவ்வாறு பயன்படுத்துவோர் முதலில் சந்திக்கும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஒரு படம் வெளிறிப் போகின்றது. அடுத்த படம் இருண்டு விடுகின்றது. சில காமிராக்களில் ஒளிமானி இயங்குவதே இல்லை. லென்ஸ் பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணி அதனை ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். உண்மையில் குறை லென்ஸில் இல்லை. காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே நடைபெற வேண்டிய செய்திப் பரிமாற்றம் அற்றுப் போனதே இதற்குக் காரணம். அது எங்கே அற்றுப் போயிற்று என்பதை அறிந்துகொண்டால், ஒளியைச் சரியாக அளப்பது கடினமன்று.

ஒளித்துவாரமும் எஃப் எண்ணும்

படம் பதியும் உணர்வியின்மீது எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று, லென்ஸினுள் உள்ள மெல்லிய இதழ்கள் சுருங்கி விரிவதால் அமையும் ஒளித்துவாரம். மற்றொன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். இவ்விரண்டாலும் வந்து சேரும் ஒளியின் மொத்த அளவை எக்ஸ்போஷர் என்பர்.

லென்ஸின் குவியத் தூரத்தை ஒளித்துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸில் துவாரத்தின் விட்டம் 25 மி.மீ. எனில், எஃப் எண் 2 ஆகும். விட்டம் 12.5 மி.மீ. எனில், எஃப் எண் 4 ஆகும். பழைய லென்ஸின் வளையத்தில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும்போது துவாரத்தின் பரப்புப் பாதியாகக் குறைகிறது; ஒளியும் பாதியாகிறது. இதனை ஒரு படி என்று கூறுவோம். எஃப்/2 இலிருந்து எஃப்/16 வரை ஆறு படிகள் உள்ளன. எனவே எஃப்/16 இல் லென்ஸின் வழியே வரும் ஒளி, எஃப்/2 இல் வருவதில் 64 இல் ஒரு பங்கே ஆகும்.

அளத்தலும் கணித்தலும்

செலினியம் மின்கலத்தைக் கொண்ட வெஸ்டன் ஒளிமானி 1932 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைக் கையிற் பிடித்து, முள் காட்டும் எண்ணைப் படித்து, காமிராவில் அமைத்துக்கொள்ள வேண்டும். பின்னர், லென்ஸின் வழியாக வரும் ஒளியைக் காமிராவினுள்ளேயே அளக்கும் முறை தோன்றியது. இம்முறை இரு வகைப்பட்டது.

1964 இல் விற்பனைக்கு வந்த ஜப்பானிய பென்டாக்ஸ் ஸ்பாட்மாடிக் காமிராவில், படம் எடுக்கப்படும் எஃப் எண்ணுக்குத் துவாரத்தைச் சுருக்கிய பின்னரே ஒளி அளக்கப்பட்டது. உணர்பொருளை வந்தடையப் போகும் ஒளியையே ஒளிமானியும் காண்கிறது. இதனைச் சுருக்கி அளத்தல் எனலாம். இதற்கு ஓராண்டு முன்னதாக, 1963 இல் வெளிவந்த டாப்கான் ஆர்.இ. சூப்பர் காமிராவில் வேறொரு முறை கையாளப்பட்டது. அதில் துவாரம் முழுமையாகத் திறந்த நிலையிலேயே ஒளி அளக்கப்பட்டது. எத்தனை படிகள் சுருங்கப் போகின்றன என்பதை லென்ஸ் வளையம் காமிராவுக்குத் தெரிவிக்கும். காமிரா அதற்கேற்பக் கணித்துக்கொள்ளும். ஷட்டர் இயங்கும் நொடியிற்றான் இதழ்கள் சுருங்கும். இதனைத் திறந்து அளத்தல் எனலாம்.

இரண்டாவது முறையில் காட்சி எப்போதும் பிரகாசமாகத் தெரிவதால், அதுவே உலகெங்கும் நிலைபெற்றது. ஆயின், அது முழுவதும் லென்ஸ் தெரிவிக்கும் செய்தியைச் சார்ந்தது. இச்செய்தியை நிக்கான் நிறுவனம் 1977 முதல் ஏ.ஐ. எனப்படும் வளைய அமைப்பின் வாயிலாகத் தெரிவித்தது. கேனான் நிறுவனம் 1987 இல் இ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கியபோது மின்தொடர்பின் வாயிலாகவே தெரிவித்தது. பழைய லென்ஸை இணைப்பு வளையத்தின் மூலம் மாட்டும்போது இச்செய்தி காமிராவை எட்டுவதில்லை. திரையில் எஃப் எண் காணப்பட வேண்டிய இடத்தில் 00 என்றோ சிறு கோடுகள் என்றோ தோன்றுவதன் பொருள் இதுவே.

ஆகவே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே. செய்தி இல்லாதவிடத்துக் கணிக்க இயலாது; அங்கே துவாரத்தைச் சுருக்கி, உண்மையாக வரும் ஒளியை அளத்தல் வேண்டும்.

எந்தக் காமிராவில் எந்த முறை

மிரர்லெஸ் எனப்படும், பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத காமிராக்கள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவை. பழைய எம்42 திருகு லென்ஸ், தன் பொருத்துமுகத்துக்குப் பின்னே 45.46 மி.மீ. தொலைவில் பிம்பத்தை விழச் செய்யுமாறு அமைக்கப்பட்டது. சோனியின் இ வகைக் காமிராவில் இத்தொலைவு 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய இடத்தில் இணைப்பு வளையம் அமர்ந்துகொள்கிறது. இவ்வகைக் காமிராவில் உணர்வியே ஒளிமானியாகவும் இயங்குவதால், துவாரத்தின் எந்த நிலையிலும் அளவு சரியாகவே இருக்கும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பைக் காமிராவின் பட்டியலில் தேடி முதலில் இயக்கிவிட வேண்டும். எஃப் எண்ணை நாம் அமைத்து, ஷட்டர் நேரத்தைக் காமிரா தேர்ந்துகொள்ளும் ஏ அல்லது ஏ.வி. என்ற நிலையில் வைத்தால் போதும்.

கேனான் இ.ஓ.எஸ். போன்ற எஸ்.எல்.ஆர். காமிராக்களில் எம்42 லென்ஸை மாட்டும்போதும் சுருக்கி அளக்கும் முறையே பொருந்தும். துவாரத்தைத் திறந்து குவியப்படுத்தி, பின்னர் வேண்டிய எண்ணுக்குச் சுருக்கி, அதன் பிறகே ஒளிமானியைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுதல் கூடாது. சில இணைப்பு வளையங்களில் சிறு மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டிருக்கும். அது முன்னரே பதிக்கப்பட்ட ஓர் எஃப் எண்ணைக் காமிராவுக்குத் தெரிவிக்குமேயன்றி, வளையம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை அறியாது.

பென்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பழைய கே, எம் வகை லென்ஸ்களை இணைப்பு வளையமின்றியே மாட்டலாம். பட்டியலில் துவார வளையத்தைப் பயன்படுத்த அனுமதி அளித்து, காமிராவை எம் நிலையில் வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், காமிரா ஒரு கணம் துவாரத்தைச் சுருக்கி ஒளியை அளந்து, ஷட்டர் நேரத்தை அமைத்துக்கொள்ளும். ஒளி மாறுந்தோறும் மீண்டும் அழுத்த வேண்டும்.

நிக்கான் எஸ்.எல்.ஆர். காமிராக்களில் நிலைமை மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. டி700, டி800, டி7000 போன்றவற்றில் ஏ.ஐ. வளையத்தை உணரும் நெம்பு உண்டு. லென்ஸின் குவியத் தூரத்தையும் மிகப் பெரிய துவாரத்தின் எண்ணையும் பட்டியலில் பதித்துவிட்டால், திறந்து அளக்கும் முறை பழையபடியே நடைபெறும். டி3000, டி5000 வரிசைகளில் இந்நெம்பு இல்லை. அவற்றில் ஒளிமானி இயங்காது. அங்கே தனி ஒளிமானியைக் கொண்டோ, எடுத்த படத்தைச் சோதித்தோ அளவை அமைக்க வேண்டும். 1977 க்கு முற்பட்ட, மாற்றி அமைக்கப்படாத நிக்கான் லென்ஸை நெம்புள்ள காமிராவில் வலிந்து மாட்டினால் நெம்பு உடையக்கூடும். 2013 இல் வெளிவந்த டி.எஃப். மாடலில் மட்டும் அந்நெம்பை மடக்கிக்கொள்ளலாம்.

பிழை நேரும் இடங்கள்

எஸ்.எல்.ஆர். காமிராவின் ஒளிமானி உணர்வியின்மீது விழும் ஒளியை நேரே காண்பதில்லை. மேலே உள்ள தேய்த்த கண்ணாடித் திரையில் விழும் பிம்பத்தின் பிரகாசத்தையே அது அளக்கிறது. பழைய காமிராக்களின் திரை சொரசொரப்பானது. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கதிர்களை நன்கு சிதறச் செய்யும். இக்காலத்துத் திரைகளோ காட்சி பிரகாசமாகத் தெரியும் பொருட்டு ஒளியைக் குறைவாகச் சிதறச் செய்யுமாறு அமைக்கப்பட்டவை. அகன்ற துவாரத்தின் ஓரங்களிலிருந்து சாய்வாக வரும் கதிர்கள் இத்திரையில் முழுமையாகக் கணக்கில் வருவதில்லை. இதனால் எஃப்/1.4 க்கும் எஃப்/2.8 க்கும் இடையே உணர்வியில் நான்கு மடங்கு வேறுபாடு இருப்பினும், திரையில் அவ்வளவு வேறுபாடு தோன்றாது. தனக்கு உரிய லென்ஸாயின், காமிரா அதன் எஃப் எண்ணை அறிந்து திருத்திக்கொள்ளும். பழைய லென்ஸில் அதற்கு வழியில்லை. பிழையின் அளவும் திசையும் மாடலுக்கு மாடல் மாறுபடும். பிரதிபலிப்புக் கண்ணாடியை உயர்த்திப் பின்புறத் திரையில் நேரடிக் காட்சியைக் காணும் லைவ் வியூ நிலையில் உணர்வியே ஒளியை அளப்பதால் இப்பிழை நீங்கும்.

இரண்டாவது பிழை கண் வைக்கும் துளையின் வழியாக நுழைகின்றது. பின்னாலிருந்து வரும் ஒளி அத்துளையின் வழியே புகுந்து ஒளிமானியை அடையும். துவாரம் முழுதும் திறந்திருக்கும்போது இது சிறு விஷயம். எஃப்/16 க்குச் சுருக்கினாலோ, லென்ஸின் வழியே வரும் ஒளி மிகக் குறைந்துவிடுகிறது. பின்புற ஒளி குறையாது நிற்கிறது. ஒளிமானி ஒளி மிகுதியாக உள்ளதென மயங்கும்; படம் இருண்டுவிடும். முக்காலியில் வைத்துப் படம் எடுப்போர் அத்துளையை ஒரு கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, இதழ்களைப் பற்றியது. நம் நாட்டின் வெப்பத்தில் பழைய லென்ஸின் மசகெண்ணெய் இளகி இதழ்களின்மேல் படர்வதுண்டு. அப்போது இதழ்கள் விரைந்து சுருங்க மாட்டா. திறந்து அளக்கும் முறையில், இதழ்கள் சுருங்கிவிட்டன என்று நம்பிக் காமிரா ஷட்டரை இயக்கிவிடும், படம் வெளிறும். சுருக்கி அளக்கும் முறையில், இதழ்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே அளக்கப்படுவதால் இப்பிழை நேராது. எம்42 லென்ஸ்களில் பின்புறம் உள்ள சிறு ஊசி அழுத்தப்பட்டாலன்றி இதழ்கள் சுருங்கா என்பதையும் நினைவிற் கொள்க. ஏ, எம் என்ற விசை இருப்பின் அதனை எம் பக்கம் வைக்க வேண்டும். விசை இல்லையேல், ஊசியை அழுத்தும் விளிம்புள்ள இணைப்பு வளையத்தை வாங்க வேண்டும். வளையத்தைத் திருப்பியபடி லென்ஸின் முன்னே உற்று நோக்கினால் இதழ்கள் அசைகின்றனவா என்பது புலனாகும்.

ஒளிமானி காணும் உலகம்

இவையனைத்தும் சரியாக அமைந்தாலும், ஒளிமானிக்கு இயல்பாகவே ஒரு வரம்புண்டு. தான் காணும் பொருள் வெள்ளையா கறுப்பா என்பதை அது அறியாது. எல்லாக் காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது கொள்கிறது. தாவரவியலார் வெள்ளைத் தாளில் ஒட்டி வைக்கும் உலர்ந்த செடியைப் படமெடுத்தால், தாளின் வெண்மையைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளிமானி எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். செடியோ கரும்பட்டையாகத் தெரியும். கருங்கல் கல்வெட்டைப் படமெடுத்தால் இதற்கு நேர்மாறாக நிகழும். வெள்ளைப் பரப்பு மிகுந்த காட்சிக்கு ஒன்று முதல் இரண்டு படி கூட்டியும், கறுப்புப் பரப்பு மிகுந்த காட்சிக்கு அவ்வாறே குறைத்தும் அமைக்க வேண்டும். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையைப் பொருளின் இடத்தில் வைத்து அளந்தால், இக்கூட்டல் கழித்தலுக்குத் தேவையே இராது.

காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஆராயும் தானியங்கி அளவை முறை, பல காமிராக்களில் லென்ஸின் விவரங்களையும் சார்ந்திருக்கிறது. பழைய லென்ஸுக்கு, நடுப்பகுதிக்கு முதன்மை தரும் எளிய அளவை முறையே நம்பத்தக்கது.

கையொளிமானியின் பயனும் எல்லையும்

வெள்ளைக் குமிழ் பொருத்திய கையொளிமானியைப் பொருளின் அருகில் காமிராவை நோக்கிப் பிடித்தால், பொருளின்மீது விழும் ஒளியையே அது அளக்கும். பொருளின் நிறம் அதனை ஏமாற்ற இயலாது. ஆயின் லென்ஸினுள் நிகழ்வது எதனையும் அது அறியாது. பூச்சுப் பூசப்படாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பிவிடுகிறது. இத்தகைய பரப்புகள் ஆறு இருப்பின் 22 சதவீதம், அதாவது மூன்றிலொரு படி ஒளி குறையும்.

மிக அருகில் படமெடுக்கும்போது இக்குறைவு பெரிதாகும். ஒரு வண்டினை உணர்வியில் அதன் உண்மை அளவிலேயே பதிக்க, லென்ஸை முன்னே நீட்ட வேண்டும். சமச்சீரான அமைப்புடைய லென்ஸில், பிம்பத்தின் உருப்பெருக்கத்தோடு 1 கூட்டி எஃப் எண்ணால் பெருக்கினால் உண்மையான எஃப் எண் கிடைக்கும். உண்மை அளவில் எஃப்/8 என்பது எஃப்/16 ஆகிவிடுகிறது. ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. கையொளிமானி தரும் அளவில் இத்திருத்தத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். லென்ஸின் வழியே சுருக்கி அளக்கும் முறையில் இது தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்கென அமைந்த பழைய ஒளிமானியில் 1.5 வோல்ட் மின்கலத்தை இட்டால், பல மாடல்களில் அளவு பிழைபடும். சரிபார்க்காமல் அதனை நம்புதல் தகாது.

ஒரு சோதனை

தம் காமிராவும் லென்ஸும் எவ்வளவு பிழை காட்டுகின்றன என்பதை எவரும் அரைமணி நேரத்தில் கண்டறியலாம். மேகமற்ற நாளின் நண்பகலில், வெயில் நேரே படாத, சீரான வெளிச்சமுள்ள ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. எண்ணை மாறாது வைத்து, ஏ நிலையில், மிகப் பெரிய துவாரம் தொடங்கி எஃப்/16 வரை ஒவ்வோர் எண்ணிலும் ஒரு படம் எடுக்க வேண்டும். துவாரம் சுருங்கச் சுருங்கக் காமிரா ஷட்டர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும். எல்லாப் படங்களின் நடுப்பகுதியும் ஒரே பிரகாசத்தில் இருத்தல் வேண்டும். அகன்ற துவாரத்தில் மூலைகள் சற்று இருளுவது இயல்பு. அதனைப் பொருட்படுத்த வேண்டா.

எல்லாப் படங்களும் ஒரே அளவு இருண்டோ வெளிறியோ இருப்பின், ஒரே திருத்தத்தை நிரந்தரமாக அமைத்துவிடலாம். எஃப் எண் மாற மாறப் பிரகாசமும் மாறுமாயின், எஸ்.எல்.ஆர். காமிராவில் பெரும்பாலும் அது திரையால் நேர்ந்த பிழை. லைவ் வியூ நிலையில் சோதனையைத் திரும்பச் செய்தால் இது உறுதிப்படும். ஒவ்வோர் எண்ணுக்கும் வேண்டிய திருத்தத்தை ஒரு சிறு தாளில் எழுதி லென்ஸின் உறையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பிறிதொரு காமிராவுக்கு அத்தாள் பொருந்தாது.

ஒளிமானி அறவே இல்லாதபோதும் கைகொடுக்கும் பழைய விதி ஒன்றுண்டு. நல்ல வெயிலில், எஃப்/16 இல், ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் மதிப்பே வினாடியில் ஷட்டர் நேரமாகும். ஐ.எஸ்.ஓ. 100 எனில் ஏறக்குறைய 1/125 வினாடி. அதே ஒளிக்கு எஃப்/8 இல் 1/500 வினாடி, எஃப்/5.6 இல் 1/1000 வினாடி. ஒளிமானி காட்டும் அளவு இதிலிருந்து வெகுவாக விலகினால், எங்கோ பிழை உள்ளதென்று அறியலாம்.

இழந்தால் மீளாதது

இத்துணை கவனம் எதற்காக என்று வாசகர் வினவலாம். நெகடிவ் பிலிமில் ஒளி மிகும்போது கருமை படிப்படியாகவே கூடும். ஒளிமிக்க பகுதிகளிலும் விவரங்கள் ஓரளவு தங்கும். டிஜிட்டல் உணர்வியின் ஒவ்வொரு நுண்புள்ளியும் ஒரு சிறு பாத்திரம் போன்றது. நிரம்பும் வரை ஒளிக்கு ஏற்ப நிரம்பும். நிரம்பிய பின் வழிந்தது வழிந்ததே. அப்பகுதி வெறும் வெண்மையாகிவிடும். எந்தக் கணிப்பொறியாலும் அங்கிருந்த விவரத்தை மீட்க இயலாது. சற்று இருண்ட படத்தைப் பின்னர் ஓரளவு திருத்தலாம். வெளிறிய படத்தைத் திருத்த இயலாது. ஆகையால் காமிரா காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப் பரவல் வரைபடத்தை ஒவ்வொரு முக்கியமான படத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டும். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால், எக்ஸ்போஷரைக் குறைத்து மீண்டும் எடுக்க வேண்டும். திரையிற் தோன்றும் படத்தின் பிரகாசத்தை மட்டும் நம்புதல் கூடாது. வெயிலில் அது இருண்டும், இருளில் அது பிரகாசமாகவும் தோன்றும்.

ஒரு நாள் மட்டுமே மலர்ந்திருக்கும் பூ, மழைக்குப்பின் வெளிவந்து மறையும் பூச்சி, உதிர்ந்துகொண்டிருக்கும் ஓவியம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வாய்ப்பு மறுமுறை கிடைப்பதில்லை. விலையுயர்ந்த புதிய லென்ஸ் கைக்கு எட்டாத மாணவரும் ஆசிரியரும், அலமாரியில் உறங்கும் பழைய லென்ஸைக் கொண்டே இப்பணியைச் செம்மையாகச் செய்ய முடியும். துவாரத்தைச் சுருக்கிய பின் அளத்தல், கண்துளையை மூடுதல், பொருளின் நிறத்துக்கேற்பத் திருத்துதல், வரைபடத்தைப் பார்த்தல் என்னும் நான்கு பழக்கங்களே அதற்குத் தேவை.